அரக்குச் சிவப்பு எங்கே போனது?

ரப்பர்த் தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் தரம் சொல்வது தோட்டத்து வித்தைகளில் ஒன்று. புகைக்கொட்டகையிலிருந்து வந்த தாள் தேன் நிறத்தில், குமிழியும் கறையும் இல்லாமல் இருந்தால் முதல் தரம். கறுத்திருந்தாலோ திட்டுத் திட்டாக இருந்தாலோ தரம் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதில்தான் சண்டை. விற்கிறவர் கண்ணுக்கு இரண்டாம் தரமாகத் தெரிவது வாங்குகிறவர் கண்ணுக்கு மூன்றாம் தரமாகத்தான் தெரியும்.

1965-இல் எஸ்எம்ஆர் என்ற தர முறையைக் கொண்டுவந்து மலேசியா இந்தச் சண்டைக்கு முடிவுகட்டப் பார்த்தது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து எண்ணாகச் சொல்லும் முறை அது. அதில் எஸ்எம்ஆர் எல் என்ற வெளிர் ரகத்துக்கு நிறத்திலும் ஒரு வரம்பு உண்டு: லோவிபாண்ட் அளவுகோலில் 6-ஐத் தாண்டக் கூடாது. பிறகு பால் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். எண்ணெய்க்கும் அதே கதைதான். சுத்திகரித்த பாமாயில் ஒலீனை 5¼ அங்குல நீளக் கண்ணாடிக் கலத்தில் ஊற்றிப் பார்த்தால் அதன் சிவப்பு 3-க்குள் இருக்க வேண்டும். நம் அடுப்படிக்கு வரும் எண்ணெயின் மஞ்சள் கூட இப்படி அளந்து வந்ததுதான்.

யார் இந்த லோவிபாண்ட்? இங்கிலாந்தில் பீர் காய்ச்சும் தொழில் செய்தவர். பீரின் தரத்தை நிறத்தைக் கொண்டு கணிக்கும் வேலையில், வெறும் கண்ணை நம்பினால் நாளுக்கொரு விடை வந்தது. சாலிஸ்பரி தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பார்த்தபோதுதான் அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். சிவப்பு, மஞ்சள், நீலக் கண்ணாடி வில்லைகளை அடர்த்தி வாரியாகச் செய்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். ஒரு பக்கம் பீர், மறுபக்கம் வில்லைகள். இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை வில்லைகளை மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒத்துப்போனதும் வில்லைகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். 1885-இல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்.

இதில் உள்ள சாமர்த்தியம் எளிதில் கண்ணில் படாது. அவர் கண்ணை ஒதுக்கிவிடவில்லை. கண்ணிடம் கேட்கும் கேள்வியை மாற்றினார். ‘இது என்ன சிவப்பு?’ என்று கேட்டால் கண் உளறும். ‘பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டும் ஒன்றா?’ என்று கேட்டால் அதைவிட நுட்பமான கருவி கிடைப்பது அரிது.

எண்ணெயின் நிறத்தைக்கூட இப்படி அளக்கும் நம் கெடாவில் சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று ஊருக்கு ஊர் நம் கல்யாண ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. பத்தாயிரம் வெள்ளி கேமராவும் அதற்கேற்ற லென்சும் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் படங்களை உட்கார்ந்து திருத்தும் மானிட்டர், பெட்டியிலிருந்து எடுத்து வைத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். எண்ணெய்க்கு ஒரு நீதி, அரக்குச் சேலைக்கு ஒரு நீதி. கடையில் அரக்காக இருந்த முகூர்த்தச் சேலை ஆல்பத்தில் செங்கல் நிறமாகிவிட்டது, மாப்பிள்ளை முகம் கறுத்துவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இங்கே பிறக்கிறது. பழியோ பிரிண்ட் போட்டவர் தலையில் விழுகிறது.

முதலில் வெளிச்சத்தின் கணக்கைப் பார்ப்போம். மானிட்டர்கள் கடையில் பளிச்சென்று தெரிந்தால்தான் விற்கும்; அதனால் ஒளிர்வைக் கூட்டி வைத்தே அனுப்புகிறார்கள். சதுர மீட்டருக்கு 250, 300 கேண்டெலா சாதாரணம். ஆல்பத்தின் காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறை கொடுப்பதில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. 300 லக்ஸ் வெளிச்சமுள்ள வரவேற்பறையில் அந்தக் காகிதத்தின் வெள்ளை 86 கேண்டெலா அளவில்தான் ஒளிரும். நல்ல அலுவலக வெளிச்சமான 500 லக்ஸிலும் 143-தான். 300-இல் உட்கார்ந்து படத்தைத் திருத்துகிறவர், முகம் போதுமான வெளிச்சத்தோடு இருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவார். அல்லது இன்னும் கொஞ்சம் இருட்டாக்குவார். அதே படம் காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒளியோடு வந்து நிற்கும்போது வாடிக்கையாளர் முகமும் சேர்ந்து இருளும். திரையை 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இறக்குவதே இதற்கு மருந்து. முதல் இரண்டு நாள் திரை செத்துப்போனது போல் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொறுத்துக்கொள்ள முடிவதற்குக் காரணம், கண் எதற்கும் பழகிவிடும் என்பதே. வெயிலில் வெள்ளையாக இருக்கும் வேட்டி குண்டு பல்பின் அடியிலும் வெள்ளையாகவே தெரிகிறது. உண்மையில் பல்பின் அடியில் அது ஆரஞ்சு நிற ஒளியைத்தான் அனுப்புகிறது. சூழலில் எது வெள்ளையோ அதை வைத்து மற்ற எல்லாவற்றையும் மூளை சரிகட்டிக்கொள்கிறது. மனிதர்கள் காட்டில் பழம் பறிக்க இது உதவியது. ஸ்டூடியோவில் இதுவே குழி பறிக்கிறது. நீலம் பாய்ந்த திரையின் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் நீலம் மறைந்துவிடும். ஆனால் அந்த நீலத்தை ஈடுகட்ட நாம் படத்தில் ஏற்றிய மஞ்சள் மறையாது. அது கோப்பிலேயே தங்கி, பிரிண்டுக்குப் போகும்.

திரை ஏன் நீலம் பாய்கிறது என்பதற்குப் பதில் கெடாவிலேயே இருக்கிறது. வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது நீல எல்இடி. அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூசியிருப்பார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரியும். அந்த நீலச் சில்லைச் சாத்தியமாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில், 2017-இல், கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஓஸ்ராம் நிறுவனம் ஒரு பெரிய எல்இடி சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது. ஒரு காலத்தில் பால் வெட்டிய மண்ணில் இன்று ஒளி வெட்டி எடுக்கிறார்கள். இத்தகைய வெள்ளை எல்இடியைப் பின்னொளியாகக் கொண்ட திரையில் 450 நானோமீட்டர் பக்கம் நீலம் ஒரு கூர்மையான முகடாக நிற்கும். பாஸ்பர் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் வெள்ளை ஒரு பக்கம் சாயும். ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும்.

இனி எண்களுக்கு வருவோம். கணினிக்கு நிறம் தெரியாது. சிவப்பு 115, பச்சை 82, நீலம் 68 என்று மூன்று எண்கள்தாம் தெரியும். எந்தச் சிவப்பில் 115? ஒவ்வொரு திரையின் சிவப்பும் வேறு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஐசிசி என்ற கூட்டமைப்பை உண்டாக்கின. ஒவ்வொரு கருவியும் தன் நிறங்கள் எப்படிப்பட்டவை என்ற விவரத்தை ஒரு சிறு கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதுதான் புரொஃபைல். 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபி என்ற பொது வெளியை முன்வைத்தன. 1999-இல் அது உலகத் தரமானது. இன்று பிரிண்ட் லேப்களும் கைப்பேசிகளும் இணையமும் வேறு விவரம் இல்லாத படத்தை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 1931-ஆம் ஆண்டின் ஓர் அட்டவணை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ரைட் என்பவர் 10 பேரையும் கில்ட் என்பவர் 7 பேரையும் உட்காரவைத்து, ஒரு பக்கம் ஒரு நிறத்தைக் காட்டி, மறுபக்கம் மூன்று ஒளிகளைக் கலந்து அதற்கு ஈடுசெய்யச் சொன்னார்கள். அந்த 17 பேரின் கண்கள்தாம் இன்றுவரை உலகத்தின் சராசரிக் கண். அவர்களிடம் கேட்டதும் லோவிபாண்டின் கேள்வியேதான்: இரண்டும் ஒன்றா?

மேலே எழுதிய 115, 82, 68 சும்மா எழுதியதல்ல. 1976-இல் வெளிவந்த மேக்பெத் வண்ண அட்டையில் 24 கட்டங்கள் உண்டு; முதல் கட்டம் கறுத்த மேனி நிறம். எஸ்ஆர்ஜிபியில் அதன் எண்கள் ஏறத்தாழ இவை. இரண்டாம் கட்டம் வெளுத்த மேனி. ஒளிர்வில் முதலாவது 38, இரண்டாவது 66. ஆனால் எந்தச் சாயல் என்பதைச் சொல்லும் நிறக்கோணம் இரண்டுக்கும் 45 பாகையை ஒட்டியே இருக்கிறது. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பவை மெலனினும் இரத்தமும்தான். எல்லா மனிதரிடமும் அவையே இருப்பதால் கூடக் குறையத்தான் வேறுபடுகிறோம். முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் அது ஆளின் நிறமல்ல, வெளிச்சத்தின் பிழை அல்லது திரையின் பிழை.

திரையின் பிழை எல்லா மேனியையும் ஒரே மாதிரி தண்டிப்பதும் இல்லை. இடைநிலை ஒளிர்வுகளைத் திரை எப்படிப் பகிர்கிறது என்பதைக் காமா என்ற எண்ணால் குறிப்பார்கள், 2.2 இருக்க வேண்டும். ஒரு மானிட்டரில் அது 2.4 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளுத்த மேனிக் கட்டத்தின் பச்சை எண் 150. அதன் ஒளி 10 சதவீதம் குறையும். கறுத்த மேனிக் கட்டத்தின் பச்சை எண் 82. அதன் ஒளி 20 சதவீதம் குறையும். அதாவது ஒரே கோளாறு மாநிற, கறுத்த முகங்களை இரண்டு மடங்கு அடிக்கிறது. சீனர் கல்யாணத்தில் தேறிவிடும் மானிட்டர் நம் கல்யாணத்தில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபிலிம் காலத்தில் இன்னும் மோசம். கோடாக் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல்லாண்டு இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் எந்திரம் சரி. பிறகு பழுப்பு நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை நிறுவனம் கவனித்ததற்கு, சாக்லெட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் கொடுத்த புகார்களும் காரணம் என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனிதர்கள் முகத்துக்காக அல்ல, சாக்லெட்டுக்காக!

சரி, அறையிலிருந்து தொடங்கலாம். பல ஸ்டூடியோக்களில் திருத்தும் மேசை முன்பக்கக் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி இருக்கும். காலையில் ஒரு வெளிச்சம், நாலு மணி மழைக்கு ஒரு வெளிச்சம், இரவில் டியூப் லைட். பக்கச் சுவர் பிஸ்தாப் பச்சை, சாமி மேடையில் சிவப்பு விளக்கு. கண் இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தன் வெள்ளையை முடிவுசெய்கிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் சுவருக்காவது நடுத்தரச் சாம்பல் வண்ணம் அடிக்க வேண்டும். வெளி வெளிச்சம் நேரடியாகத் திரையில் விழக் கூடாது. விளக்கு 5000 கெல்வின் பக்கம், நிறக்குறியீடு 90-க்கு மேல். சட்டையும் கணக்கில் சேரும்: மஞ்சள் டி-சட்டையோடு உட்கார்ந்தால் பாதி மஞ்சள் திரைக் கண்ணாடியில் இருக்கும். தைப்பூச வாரத்தில் இதைச் சொன்னால் கேட்கமாட்டார்கள், தெரியும்.

அடுத்து மானிட்டர். ஐபிஎஸ் ரகமாக, எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டக்கூடியதாக இருந்தால் போதும். விலையுயர்ந்த அகல வண்ணத் திரை பிறகு பார்த்துக்கொள்ளலாம். மலிவு மடிக்கணினிகளின் திரை எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். அதில் அரக்குச் சிவப்பைத் தேடுவதே வீண். சிலர் டிவியை மானிட்டராக வைத்திருக்கிறார்கள். எச்டிஎம்ஐ வழியே போகும்போது 0 முதல் 255 வரையிலான எண்கள் 16 முதல் 235-க்குள் அடைக்கப்படுவது உண்டு. இரு முனையிலும் ஒரே அமைப்பு இல்லாவிட்டால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும், அல்லது கறுத்த தலைமுடி மொத்தையாக அடைந்துபோகும். தானாக ஒளி மாற்றும் வசதி, மின்சிக்கன வசதி, இரவு நேர மஞ்சள் வெளிச்சம் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். இரவு வெளிச்சத்தை அணைக்க மறந்து விடிய விடிய ஆல்பம் முடித்தவர்கள் காலையில் முழுதையும் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

இவ்வளவும் கையால் ஆகும். இதற்கு மேல் கண்ணை நம்பக் கூடாது. லோவிபாண்டின் வில்லைகளின் இடத்துக்கு இங்கே கலரிமீட்டர் வருகிறது. உள்ளங்கை அளவுக் கருவி. வண்ண வடிப்பான்கள் போட்ட ஒளி உணரிகள் உள்ளே இருக்கும். மானிட்டரை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடேறியதும் கருவியைத் திரையில் தொங்கவிட வேண்டும். கிரேம் கில் எழுதிய ஆர்கில், அதன் மேல் ஃபுளோரியன் ஹோக் எழுதிய டிஸ்ப்ளேகால் என்று இலவச மென்பொருள்களே உண்டு. வெள்ளை 6500 கெல்வின், காமா 2.2, ஒளிர்வு 100 கேண்டெலா என்று இலக்கு கொடுத்தால், மென்பொருள் நூற்றுக்கணக்கான வண்ணக் கட்டங்களைக் காட்டி, கேட்டது என்ன, வந்தது என்ன என்று ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளும். பின்னொளியின் ரகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் சொன்ன அந்த நீல முகடு ரகத்துக்கு ரகம் வேறுபடுவதால் தவறாகச் சொன்னால் கருவியே ஏமாறும். பழைய கருவிகளின் வடிப்பான்கள் நம் ஊர் ஈரப்பதத்தில் நாளடைவில் நிறம் மாறுவதும் உண்டு. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் லென்சோடு சேர்த்து வைப்பது நல்லது.

இந்த வேலையில் இரண்டு படிகள் கலந்திருக்கின்றன. திரையைத் திருத்தி ஒரு நிலைக்குக் கொண்டுவருவது ஒன்று. அந்த நிலையிலும் எஞ்சும் பிழைகளைப் புரொஃபைலில் எழுதிவைப்பது இன்னொன்று. ஃபோட்டோஷாப், லைட்ரூம் போன்றவை அந்தப் புரொஃபைலைப் படித்து அதற்கேற்ப எண்களை மாற்றிக் காட்டும். எல்லாப் படக்காட்டி மென்பொருள்களும் அப்படிச் செய்வதில்லை. ஒரே படம் இரண்டு சன்னல்களில் இரண்டு நிறமாகத் தெரிந்தால் காரணம் இதுதான். முடிவில் பிழையை டெல்ட்டா ஈ என்ற எண்ணாகத் தருவார்கள். 1 என்பது பக்கத்தில் வைத்தால் மட்டுமே தெரியும் வித்தியாசம். சராசரி 2-க்குள் இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். பின்னொளி மெல்ல மங்குவதால் மாதம் ஒருமுறை அளக்க வேண்டும்.

வாடிக்கையாளர் படத்தைத் தன் கைப்பேசியில்தானே பார்க்கப்போகிறார், அது என்ன நிறத்தில் காட்டுமோ, இத்தனை பாடு எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆயிரம் கைப்பேசிகளின் பிழைகள் ஆயிரம் திசையில் இருக்கும். நம் படம் நடுவில் இருந்தால் ஒவ்வொருவருக்கும் அவரவர் கருவியின் பிழை மட்டும் தெரியும். அதற்கு அவர் கண் ஏற்கெனவே பழகியிருக்கும். நம் படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பலருக்கு இரண்டு பிழைகளும் கூடித் தெரியும்.

திரை சரியானபின்தான் படம் எடுத்த இடத்தின் குறும்புகள் வெளிப்படும். தோட்டத்துப் படங்களில் பச்சை ஒரு பெரும் தொல்லை. இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுப் பச்சையைச் சிதறவிடுகிறது. செம்பனை நிழலில் மணமக்களை நிற்கவைத்தால் நெற்றியில் வானத்தின் நீலம், தாடைக்குக் கீழே புல்லின் பச்சை. ஒரே முகத்தில் இரண்டு வெளிச்சம் என்பதால் வெள்ளைச் சமநிலையை ஒருமுறை திருப்பினால் இரண்டும் சரியாகாது. தாடையைத் தனியே திருத்த வேண்டும். ஒரு சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். பால் மரத் தோட்டமாக இருந்தால் மாதத்தையும் பார்க்க வேண்டும். கெடாவில் பிப்ரவரி, மார்ச் வறட்சியில் மரங்கள் இலை கொட்டும். கூரை போன்ற பச்சை போய், சிவந்த சருகும் திறந்த வானமும் வரும். டிசம்பரில் எடுத்த கல்யாணத்துக்குச் செய்த திருத்தத்தைப் பங்குனிக் கல்யாணத்துக்கு அப்படியே போட்டால் முகம் ஊதாவாகும்.

நலங்கு மஞ்சளும் குங்குமமும் வேறு வகைச் சிக்கல். மஞ்சளில் உள்ள குர்குமின் நீல ஒளியை விழுங்குவதோடு பச்சை கலந்த மஞ்சளாகத் தானே ஒளிரவும் செய்யும். அதன் அடர்த்தியில் நீல எண் 0-இல் போய் முட்டிக்கொள்ளும். குங்குமத்தில் சிவப்பு எண் 255-இல் முட்டும். முட்டிய இடத்தில் நுணுக்கம் செத்துப்போய், கன்னத்தில் பூசிய மஞ்சள் பெயிண்ட் அடித்தது போலாகிவிடும். செறிவைக் கூட்டும் பட்டியைத் தொடுவதற்கு முன் மூன்று நிறங்களின் வரைபடங்களையும் தனித்தனியே பார்ப்பது நல்ல வழக்கம். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அளந்த திரையில் வேலை செய்யத் தொடங்கியதும், இத்தனை நாள் மணப்பெண்ணின் முகத்தை எவ்வளவு வெளுக்க வைத்திருக்கிறோம் என்பது பட்டென்று தெரியும். ‘கொஞ்சம் வெள்ளையா ஆக்குங்கண்ணே’ என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கலரிமீட்டரிடம் பதில் கிடையாது. என் கட்சி, ஒளியைக் கூட்டலாம், நிறக்கோணத்தில் கை வைக்கக் கூடாது.

கடைசியில் பிரிண்ட். அளந்த திரையில் திருத்திய முகம் ஒன்று, வண்ண அட்டை ஒன்று, கறுப்பிலிருந்து வெள்ளைவரை சாம்பல் படிகள், ஒரு பட்டுச் சேலை ஆகியவற்றை ஒரே தாளில் அடுக்கி, எஸ்ஆர்ஜிபியில் சேமித்து லேபுக்கு அனுப்புங்கள். தானியங்கித் திருத்தம் எதுவும் வேண்டாம் என்று வாயாலும் சொல்லுங்கள், தாளிலும் எழுதுங்கள். வந்த பிரிண்டை நேர்வெயில் படாத சன்னல் அருகே, காலை பத்து மணி வாக்கில் பிடித்து, திரையில் உள்ள படத்தோடு பாருங்கள். எல்லாமே இருட்டாக இருந்தால் திரையின் ஒளிர்வை இன்னும் இறக்க வேண்டும். சாம்பல் படிகளில் ஏதாவது சாயல் தெரிந்தால் திரையின் வெள்ளையையும் லேப்காரரையும் விசாரிக்க வேண்டும். மேனி நிறமும் சாம்பலும் ஒத்துவந்து மயில்கழுத்துப் பட்டு மட்டும் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமுமாக நெய்த துணி அது. பார்க்கும் கோணத்துக்குக் கோணம் மாறுவதை ஒரே கோணத்தில் நிறுத்திவைத்த படத்தில் எந்தத் திரையும் கொண்டுவராது.